ஆமா மிஸ்

கொஞ்சம் அந்தக் கூடையக் கால்பக்கம் தள்ளிக்கோங்கம்மா, சேலையில உரசுது. பட்டு. இன்னிக்குத்தான் முதல் தடவையா கட்டியிருக்கேன். அப்பாடா! அருப்புக்கோட்டையில ஏறுனதுல இருந்து நின்னுக்கிட்டேதான் வரணுமோன்னு பயந்துட்டேன். உக்கார ஒரு இடம் கெடைச்சதே பெரிய விஷயம். மதுரைக்குத்தானே நீங்களும்? நல்லது.

பாப்பா பேரென்ன? சொல்ல மாட்டியா? பாத்தீங்களா, எடுத்த எடுப்புல 'மாட்டேன்'! ஆதிராவா? பேரு நல்லாத்தான் இருக்கு. நாலு வயசு முடிஞ்சிருச்சா? ஸ்கூல்ல இனிமேத்தான் சேக்கணுமா? அப்ப நீங்க சரியான ஆள் பக்கத்துலதான் உக்காந்திருக்கீங்க. என் பேரு சொர்ணலதா. சொர்ணா மிஸ்னு எங்க ஊர்ல யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க. பத்தொன்பது வருஷமா ஒண்ணாங் கிளாஸ். ஒண்ணு ஏ.

ஏய் பாப்பா, அந்த ஜூஸ் பாட்டில அம்மாகிட்ட குடு. முழுசும் குடிச்சாச்சா? சரி. கை கட்டு. வாயில விரல் வை. மாட்டியா? சிரிக்காதீங்கம்மா, இப்பச் சிரிச்சா பின்னாடி அழணும். இருங்க, மதுரை போறதுக்குள்ள உங்க பிள்ளைய உங்களுக்கே அடையாளம் தெரியாம ஆக்கிக் காட்டுறேன். காசு பணம் எதுவும் வேண்டாம். எங்கிட்டக் குடுங்க, என் மடியில உக்காரட்டும். சேலையா? அட, பரவால்லம்மா, நாலு வயசுப் பிள்ளை என்ன பண்ணிரப் போகுது.

என் கல்விக் கொள்கை ரொம்பச் சின்னதும்மா. பிள்ளைக்கு முதல்ல 'ஆமா' வரணும். அ, ஆ எல்லாம் அப்புறம் வரட்டும். ஜூன் மாசம் முழுக்க நான் புத்தகமே தொட மாட்டேன். கேள்வியும் பதிலும்தான். சத்தம் போடக் கூடாது, சரிதானே? 'ஆமா மிஸ்!' பக்கத்துல இருக்கிறவனக் கிள்ளக் கூடாது, சரிதானே? 'ஆமா மிஸ்!' ஜூலையில ஒரு பரீட்சை வப்பேன். 'நாளைக்கு ஞாயித்துக்கிழமை, நமக்கு லீவு வேண்டாம்தானே?'ன்னு கேப்பேன். மொத்த கிளாஸும் 'ஆமா மிஸ்!'னு சொல்லணும். ஒரு குரல் கொறைஞ்சாலும் மறுபடி ஜூன் மாசப் பாடம்தான். பெத்தவங்க வந்து கையெடுத்துக் கும்பிடுவாங்க. 'மிஸ், பாகற்காய் வச்சாலும் ஆமாம்மான்னு சாப்பிடுறான் மிஸ்'னு ஒரு அம்மா கண்ணுல தண்ணியோட சொன்னாங்க.

அடிக்க மாட்டேன். அது சத்தியம். பத்தொன்பது வருஷத்துல ஒரு பிள்ளை மேல என் கை பட்டதில்ல. ஸ்கேலு கோடு போட மட்டும்தான். எங்கிட்ட 'யோசிக்கிற இடம்'னு ஒண்ணு இருக்கு. கதவு மூலையில, வெளக்குமாறு சாத்தியிருக்கிற இடம். தப்புப் பண்ணின பிள்ளை அங்க போய் நின்னு யோசிக்கணும். என்ன யோசிக்கணும்னும் நானே சொல்லிருவேன், பாவம், பச்சப் பிள்ளைங்க, அதுகளா எங்க போய் யோசிக்கும்?

இதெல்லாம் எழுதியே குடுத்திருக்கேம்மா. நாலு பக்கம். 'எனது கல்விக் கொள்கையும் வாழ்க்கை நெறிகளும்'. மதுரையில ஒரு சேவைச் சங்கம் இருக்கு, வருஷா வருஷம் சின்ன வகுப்பு டீச்சர் ஒருத்தருக்கு விருது குடுக்கும். அதுக்கு எழுதினது. என் பொண்ணுதான் டைப் அடிச்சுக் குடுத்தா. எங்க வீட்டுக்காரர் படிச்சுட்டு, 'நல்லாருக்கே, யாரப் பத்தி எழுதியிருக்க?'ன்னார். என்னப் பத்திதாங்கன்னேன். மறுபடி முதல்ல இருந்து படிச்சார். அவருக்கு எப்பவும் விளையாட்டுத்தான்.

சமத்துவம்னு ஒரு பக்கம் எழுதினேன். எங்கிட்ட எல்லாப் பிள்ளையும் ஒண்ணு. வீடு வரையச் சொன்னா இருபத்தெட்டு பேரும் ஒரே வீடுதான் வரையணும். ஓட்டு வீடு, ரெண்டு ஜன்னல், பக்கத்துல ஒரு தென்னமரம். மாடி வீட்டுப் பிள்ளைக்கும் அதான், வாடகை வீட்டுப் பிள்ளைக்கும் அதான். சுதந்திரம்னு ஒரு பக்கம். மணி அடிச்சா எல்லாப் பிள்ளையும் ஒண்ணுக்குப் போகலாம், யாரையும் தடுக்க மாட்டேன். மணி அடிக்கறதுக்கு முன்னாடி யாருக்கும் வராது. அப்படிப் பழக்கியிருக்கேன்.

கண்டக்டர் தம்பி, அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறைங்க, பேச முடியல. கொறைச்சுட்டாரு பாத்தீங்களா? டீச்சர் குரல்னா அப்படி.

என்ன நெளியுற பாப்பா? நேரா உக்காரு. நல்ல பிள்ளை நெளியுமா? நெளியாதுதானே? சொல்லு, 'ஆமா மிஸ்'. சொல்லும்மா செல்லம். ம்ம்? ஆங்! கேட்டுச்சா உங்களுக்கு? மெதுவாச் சொன்னா, ஆனா சொல்லிட்டா! இந்தா, மிஸ் ஒரு மிட்டாய் தர்றேன்.

விருதுல என்னம்மா இருக்கு, ஒரு தட்டு, ஒரு சால்வை. எனக்கு அது பெரிசில்ல. எங்க கரஸ்பாண்டன்ட் சார் ஒரு வார்த்தை சொல்லிட்டார். பைபாஸ் பக்கம் புது பிராஞ்ச் கட்டியிருக்கோம், விருது வாங்குற டீச்சர்தான் அதுக்கு ஹெச்.எம்.னுட்டார். போய்ப் பாத்துட்டு வந்தேன். தனி ரூம். சக்கரம் வச்ச நாற்காலி, கருப்புக் கலரு, சாஞ்சுக்கலாம். யாரும் இல்லாத நேரமாப் பாத்து ஒரு நிமிஷம் உக்காந்து பாத்தேன். உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, ஆசையா இருந்துச்சு. ஒண்ணு ஏ-ல எனக்கு நாற்காலி கிடையாது. நான் சேந்த வருஷம் கரஸ்பாண்டன்ட் வந்து, 'டீச்சர் உக்காந்தா கிளாஸே உக்காந்துரும், நாற்காலி வேண்டாம்தானே?'ன்னார். ஆமா சார்னேன். அன்னிக்கு எடுத்தாங்க. ரெண்டு முழங்காலும் ராத்திரியானா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

போட்டிக்கு வேற யாரு இருந்தாங்கறீங்க? ஒண்ணு பி ஜெஸ்லின் மிஸ். வந்து நாலு வருஷம்தான் ஆகுது. அந்த கிளாஸ் பக்கம் போனா காதப் பொத்திக்கணும், அப்படியே சந்தக்கடை. 'மிஸ் அது தப்பு', 'மிஸ் எனக்குப் புரியல', 'மிஸ் இன்னொரு தடவ'ன்னு பிள்ளைங்க மேல விழுந்து பேசும். அந்தப் பொண்ணு தரையில சம்மணம் போட்டு உக்காந்து சிரிச்சிட்டிருக்கும். இதெல்லாம் ஒரு போட்டியான்னு நெனச்சேன். நெனச்சுத்தான் இந்தச் சேலைய எடுத்தேன், கத்திரிப்பூக் கலர்ல. மேடையில நல்லா எடுப்பாத் தெரியும்னு கடைக்காரன் சொன்னான்.

எல்லாம் சரியாத்தாம்மா போய்ட்டிருந்துச்சு. இந்த வருஷம்தான் ஒரு பிள்ளை வந்து வாய்ச்சுச்சு. நறுமுகைன்னு பேரு. பஸ் ஸ்டாண்டுல பூ கட்டி விக்கிற ஈஸ்வரியோட மக. ரெட்ட ஜடை, முன் பல்லு ரெண்டும் கிடையாது. அதுக்கு ஒரே வியாதி. 'இல்ல மிஸ்.'

மரியாதையாத்தான் சொல்லும், எந்திரிச்சு நின்னுதான் சொல்லும். அதான் எனக்கு இன்னும் எரிச்சல். 'இன்னிக்கு எல்லாரும் சந்தோஷமா இருக்கோம்தானே?' இருபத்தேழு பேரு ஆமா மிஸ். இது எந்திரிக்கும். 'இல்ல மிஸ், எனக்கு வயிறு வலிக்குது.' சுவத்துல ஒரு சார்ட் இருக்கு. 'யானை பெரிசு, எலி சின்னது, சரிதானே?' 'இல்ல மிஸ், இந்தப் படத்துல எலிதான் பெரிசா இருக்கு.' போய்ப் பாத்தா, அச்சடிச்சவன் எலிய யானைக்கு மேல பெரிசா போட்டு வச்சிருக்கான்! பதினோரு வருஷமா அந்த சார்ட் தொங்குது, ஒரு பிள்ளை சொன்னதில்ல. போர்டுல வருகை இருபத்தெட்டுன்னு எழுதினா, 'இல்ல மிஸ், இருபத்தேழு, விஷ்வேஷ் வாந்தி எடுத்துட்டு வீட்டுக்குப் போயிட்டான்'. யோசிக்கிற இடத்துக்குப் போன்னு அனுப்புவேன். அங்க நின்னுக்கிட்டு, 'மிஸ், வெளக்குமாத்துல கயிறு அந்து போச்சு'ன்னு சொல்லும்.

ஈஸ்வரியக் கூப்பிட்டு விட்டேன். ஈரக் கையத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்தா. 'வீட்லயும் இப்படித்தான் மிஸ். அவளுக்குப் பொய் சொல்ல வராது'ங்கறா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! 'நான் என்ன பொய்யா சொல்லச் சொன்னேன்? ஆமா சொல்லத்தானேம்மா சொன்னேன்!'

இது என்ன ஊரு, காரியாபட்டியா? எங்கம்மா எந்திரிக்கிறீங்க? பாப்பாவுக்கு ஒண்ணுக்கு வருதான்னு கேக்கணுமா? உக்காருங்க, பஸ்ஸு ரெண்டு நிமிஷம்கூட நிக்காது. நான் கேக்குறேன். பாப்பா, ஒண்ணுக்கெல்லாம் வரலதானே? 'ஆமா மிஸ்'! பாருங்க, எவ்வளவு தெளிவாச் சொல்றா. நீங்கதான் வருதா வருதான்னு கேட்டுக் கேட்டு வர வைக்கிறீங்க. அடக்கம்னா சின்ன வயசுலயே பழகணும். போகலாம் ரைட்!

எங்க விட்டேன்? ஆங், கமிட்டி. மூணு பேரு வந்தாங்க. ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக்கடைக்காரர், அப்புறம் பங்கஜவல்லி அம்மா. ரிட்டயர்டு ஹெச்.எம்., கண்ணாடிக்கு மேல பாக்குற ஆளு. முந்தின நாளே நறுமுகைக்கு லீவு போடச் சொல்லி ஈஸ்வரிகிட்ட சொல்லி விட்டேன். 'நல்லாத்தானே இருக்கா மிஸ்'னு காலையில முத ஆளாக் கொண்டாந்து விட்டுட்டா. என்ன செய்ய? நான் யோசிச்சேன். 'கண்ணு, இன்னிக்கு நீ ஒண்ணு பி-க்கு விருந்தாளி'ன்னு சொல்லி, ஜெஸ்லின் கிளாஸுல கொண்டுபோய் உக்கார வச்சேன். சந்தக்கடையில இன்னொரு சத்தம், யாருக்குத் தெரியப் போகுது?

என் கிளாஸ் அன்னிக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா! எச்சில் முழுங்குற சத்தம்கூடக் கேட்கல. இருபத்தேழு பேரும் கை கட்டி, முதுகு நேரா. பங்கஜவல்லி அம்மா என்ன வெளிய இருக்கச் சொன்னாங்க. ஜன்னலோரம் நின்னேன். 'மிஸ் நல்லாப் பாடம் சொல்லித் தருவாங்களா?' 'ஆமா மிஸ்!' 'மிஸ்ஸ ரொம்பப் பிடிக்குமா?' 'ஆமா மிஸ்!' கருப்பு நாற்காலி கண்ணு முன்னாடி வந்து நின்னுச்சு.

அந்தப் பல் டாக்டர் இருக்காரே, அவருதான் ஆரம்பிச்சு வச்சது. 'மிஸ் அடிப்பாங்களா?'ன்னார்.

'ஆமா மிஸ்!'

இருபத்தேழு பேரும் சிரிச்ச முகமாச் சொல்றாங்கம்மா! 'தினமுமா?' 'ஆமா மிஸ்!' 'ஸ்கேலாலயா?' 'ஆமா மிஸ்!' 'ரொம்ப வலிக்குமா?' 'ஆமா மிஸ்!' ஒரு குரல் கொறையல. ஜவுளிக்கடைக்காரர் வாயப் பொளந்துட்டார். அப்பப் பங்கஜவல்லி அம்மா கையக் காட்டி நிறுத்திட்டு, மெதுவா ஒரு கேள்வி கேட்டாங்க. 'நான் இப்பத்தானே ஜன்னல் வழியாப் பறந்து உள்ள வந்தேன்?'

'ஆமா மிஸ்!'

அந்த அம்மா பேனாவ மூடிப் பையில வச்சிட்டாங்க.

வெளிய வந்து என் தோள்ல கை வச்சு, 'நீங்க அடிக்கிறவங்க இல்லன்னு எனக்குத் தெரியும்மா'ன்னாங்க. குரல் என்னமோ துக்கம் விசாரிக்கிற மாதிரி இருந்துச்சு. நான் சொல்றேன், என்ன தப்பு இதுல? பெரிய மனுஷி கேக்குறாங்க, பறந்தேன்தானேன்னு. மறுத்துப் பேசுறதா மரியாதை? பிள்ளைங்க ஒத்துமையா நின்னாங்க. பத்தொன்பது வருஷத்துல அப்படி ஒரு கிளாஸ் எனக்கே அமைஞ்சதில்ல. அந்த மூணு பேருக்கும் அதப் பாக்கக் கண்ணு இல்ல.

சரி, அதோட போச்சான்னா, போகல. அடுத்து ஒண்ணு பி. அங்கயும் அந்த டாக்டரு அதே கேள்விதான் கேட்டாராம், 'உங்க மிஸ் அடிப்பாங்களா?'ன்னு. ஆளாளுக்குக் கத்த, பின்னாடி இருந்து ஒரு ரெட்ட ஜடை எந்திரிச்சிருக்கு. 'நான் இந்த கிளாஸ் இல்ல. எங்க மிஸ் சொர்ணா மிஸ். அவங்க அடிக்க மாட்டாங்க. வெளக்குமாத்துப் பக்கத்துல நிக்க வப்பாங்க.' 'அப்புறம் ஏன் இங்க உக்காந்திருக்க?'ன்னு பங்கஜவல்லி அம்மா கேக்க, 'நான் இல்லன்னு சொல்லிருவேன்ல, அதான் மிஸ் அனுப்பிட்டாங்க'ன்னுச்சாம். 'மிஸ் மேல கோவமா?' 'இல்ல. மிஸ்ஸுக்குக் கால் வலி. நாற்காலி இல்ல.'

என்ன ஒரு நெஞ்சழுத்தம் பாருங்க! என் கால் வலி இவளுக்கு எப்படித் தெரியும்? நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஜெஸ்லின்தான் சொல்லிக் குடுத்திருக்கணும். அவளுக்கு எப்படித் தெரியும்னு கேக்காதீங்க, எனக்கே தெரியல.

விருது ஜெஸ்லினுக்கு. பிராஞ்ச் ஜெஸ்லினுக்கு. அந்த நாற்காலி ஜெஸ்லினுக்கு! அந்தப் பொண்ணு தரையில உக்காருற பொண்ணும்மா, அதுக்கு எதுக்கு சக்கரம் வச்ச நாற்காலி? வயிறு எரியுது எனக்கு. நறுமுகையையும் ஒண்ணு பி-யிலயே போட்டுட்டாங்க, ஈஸ்வரி கேட்டுக்கிட்டாளாம். இப்ப என் கிளாஸ் சுத்தமா இருக்கு. எலி சார்ட்ட மட்டும் கழட்டிட்டேன், ஏன்னு தெரியல, அதப் பாத்தாலே என்னமோ பண்ணுது.

அதோட விட்டாரா கரஸ்பாண்டன்ட்? கூப்பிட்டார். 'சொர்ணா மிஸ், மதுரை விழாவுல ஜெஸ்லின வாழ்த்தி நீங்கதான் பேசணும். சீனியர் நீங்க. மனசுல ஒண்ணும் இல்லதானே?'ன்னார். நான் என்னம்மா சொல்ல முடியும்? பத்தொன்பது வருஷமா அவரு கேட்டதுக்கு நான் மறுத்ததே இல்ல. ஞாயித்துக்கிழமை வர முடியும்தானே, ஆமா சார். எங்கப்பா பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாதி நாள் லீவு போதும்தானே, ஆமா சார். இதுக்கும் ஆமா சார்னுதான் வந்துச்சு. வாய் தானாச் சொல்லிருச்சு. அங்கதான் இப்பப் போய்ட்டிருக்கேன். விருது வாங்கக் கட்ட வேண்டிய சேலையக் கட்டிக்கிட்டு, விருது குடுக்குறதப் பாக்கப் போறேன். பைக்குள்ள ரெண்டு பக்கம் வாழ்த்துரை இருக்கு.

காலையில பஸ் ஸ்டாண்டுல பூ வாங்க நின்னேன். ஈஸ்வரிகிட்டதான், வேற கடை தொறக்கல. நறுமுகை பக்கத்துல உக்காந்து நாரு எடுத்துக் குடுத்துக்கிட்டிருந்துச்சு. 'மிஸ், சேலை நல்லாருக்கு மிஸ்'னுச்சு. 'சந்தோஷமா இருக்கீங்களா மிஸ்?'ன்னு கேட்டுச்சு. ஆமாடா கண்ணுன்னேன். என் மூஞ்சிய ஒரு நிமிஷம் அண்ணாந்து பாத்துச்சும்மா. 'இல்ல மிஸ்'னுச்சு.

கண்ணுல தூசி விழலம்மா, அழுகைதான் வருது, உங்ககிட்ட என்ன மறைக்க. வீட்டுக்காரரு கேக்கல, பெத்த பொண்ணு கேக்கல. ஒருத்தரும் கேக்கல. ஆறு வயசுப் பிள்ளை, வாயில முன்பல்லு கிடையாது, அது கேக்குது. கேட்டுட்டு, நான் சொன்ன பதிலையும் தப்புங்குது!

ம்ம். சரி, விடுங்க. கண்ணத் துடைச்சாச்சு. நான் என்ன சொல்ல வர்றேன்னா, அந்த வயசுல பெரியவங்க சொன்னத இல்லங்கறது நல்லதுக்கில்ல. உங்க பிள்ளைய அப்படி விட்றாதீங்க. இப்பவே பாருங்களேன், ஏறும்போது எப்படி இருந்தா, இப்ப எப்படி இருக்கா! நெளியல, அசையல, ஒரு சத்தம் இல்ல. ஒண்ணே கால் மணி நேரம்தாம்மா, அதுக்குள்ள தங்கமா ஆக்கிட்டேன். நல்லா உக்காந்திருக்கியா பாப்பா? 'ஆமா மிஸ்'! மிஸ் மடி மெத்துன்னு இருக்கா? 'ஆமா மிஸ்'! கேட்டீங்களா? இதுக்கு ஒரு விருது குடுக்க ஆளில்ல இந்த ஊர்ல.

என்னம்மா, திடீர்னு வெதுவெதுன்னு...

ஐயையோ! ஐயோ, என் சேலை! ஏய், ஏய், எந்திரி, எந்திரி! கடவுளே, முந்தி வரைக்கும் நனைச்சுட்டாளே! ஏண்டி, நான் கேட்டேன்ல? காரியாபட்டியிலயே கேட்டேன்ல? வரலதானேன்னு கேட்டதுக்கு நீ என்ன சொன்ன? 'ஆமா மிஸ்'னு சொன்னியா இல்லையா? இப்பவும் ஆமா மிஸ்ஸா? அப்ப வந்துச்சா உனக்கு? வந்தும் சொல்லலையா? 'ஆமா மிஸ்'!

நீங்க அழாதீங்கம்மா, உங்கள ஒண்ணும் சொல்லல. துண்டு இருந்தாக் குடுங்க. இல்லையா? கைக்குட்டைய வச்சு நான் எங்கேன்னு துடைப்பேன்? நீங்க பிள்ளையப் பாருங்க, பாவம், அதுக்கும் பாவாட நனைஞ்சு போச்சு, குளுருது போல. சரிடா, சரிடா, அழாத. மிஸ் திட்டல.

மாட்டுத்தாவணி வந்துருச்சா? கண்டக்டர் தம்பி, சத்தம் போடாதீங்க, கேக்குது. எல்லாரும் எறங்குனப்புறம் எறங்குறேன். அங்க பாருங்க, பிளாட்பாரத்துல பூங்கொத்தோட கரஸ்பாண்டன்ட் நிக்கிறார், ஜெஸ்லினும் நிக்கிறா, என்னக் கூட்டிட்டுப் போக வந்திருக்காங்க. ஜன்னல் பக்கம் வர்றாரு. என்ன சார்? கேக்கல சார். ஆமா சார். ஆமா சார், பிரயாணம் எல்லாம் நல்லா இருந்துச்சு. ஆமா சார், இதோ வந்துட்டேன்.

ஏம்மா, நான் எப்படிம்மா எந்திரிப்பேன்?